இரண்டு புள்ளி நான்கு, ஒரு கோடு, சாமல்

தோர்ஸ்ஹாவ்னில் டிசம்பர். நான்கு மணிக்கே நல்ல இருட்டு.
ஜன்னலில் மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருக்க
ரன்வா அனுப்பிய நூற்றுப் பன்னிரண்டு வரிகள்
என் திரையில். சேர்த்தது பச்சை, நீக்கியது சிவப்பு.
படகுகளில் ஓடும் மென்பொருளின் எண்களை
ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல்.
எது பழசு, எது புதுசு,
அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரிய வேண்டாம்.

சிவப்பை முதலில் படிப்பது என் வழக்கம்.
பழைய நிரல் எண்ணை எண்ணென்று அறியாமல்
எழுத்தெழுத்தாய்ப் பார்த்திருக்கிறது.
அகர வரிசையில் நிறுத்தினால்
1.10 வந்து 1.9க்கு முன்னால் நிற்கும்,
உயரம் பார்க்காமல் பெயரைப் பார்த்து
வரிசை கட்டிய பள்ளிக்கூடம் மாதிரி.
போன மார்ச்சில் மூன்று படகுகள்
பத்து வேண்டாமென்று சொல்லி
ஒன்பதிலேயே ஓடியது இதனால்தான்.

ரன்வா புள்ளி கண்ட இடத்தில் வெட்டுகிறாள்.
வெட்டிய துண்டுகளை எண்ணாக்குகிறாள்.
இந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல,
முற்றுப்புள்ளி அல்ல,
எழுத்தின் தலையில் ஏறி
உயிரை எடுத்துவிடும் புள்ளியும் அல்ல.
வெறும் வேலி.

குறிப்பு எழுதினேன். காலியாக வந்தால்?
கவனித்திருக்கிறாள், நாற்பதாம் வரியில்.
முன்னால் 'வி' ஒட்டிக்கொண்டு வந்தால்?
உரித்திருக்கிறாள்.
1.0வும் 1.0.0வும் ஒன்றா?
ஒன்றுதான். இல்லாத இடத்தில் சுழியம் இட்டு
நிரப்பியிருக்கிறாள்.
ஒவ்வொரு குறிப்பாக அழித்தேன்.
குற்றம் பார்க்க உட்கார்ந்தவளுக்கு
குற்றம் கிடைக்காதது கொஞ்சம் அவமானம்.

பிறகு கோடு.
எண்ணுக்குப் பின்னால் கோடிட்டு எழுதியதெல்லாம்
இன்னும் முடியாத வேலை என்று அர்த்தம்.
2.4-சோதனை என்றால்
2.4 பிறக்கும் முன் வந்தது.
ஊர் உலகத்துக்கெல்லாம் இதுதான் விதி,
விதி பிசகாமல் எழுதியிருந்தாள்.

ஒப்புதல் பொத்தான்மேல் சுட்டி.
ஏனோ படகுகளின் பட்டியலைத் திறந்தேன்.
ஏழு படகுகள். ஆறில் வெறும் எண்.
லொம்விகாவில் மட்டும்
2.4-சாமல்.

சாமலுக்குப் போன் போட்டேன்.
பின்னால் ஹேண்ட்பால் ஆட்டத்தின் இரைச்சல்.
"ஓ, அதுவா.
குளிர் சுழியத்துக்குக் கீழே போனால்
2.4இல் வண்டி இறங்கும் பலகை பாதியில் நின்றுவிடும்.
ஒரு ராத்திரி படகிலேயே உட்கார்ந்து
ஒரு வரி மாற்றினேன்.
என்ன பேர் வைப்பதென்று தோன்றவில்லை.
ஏன், ஓடவில்லையா?"
ஓடுகிறது சாமல், இரண்டு குளிர்காலமாக.
அதற்குள் அரங்கம் கத்தியது. யார் கோல் போட்டதென்று
அவனும் சொல்லவில்லை.

ஆக, 2.4க்குப் பின் பிறந்ததை
முன் பிறந்ததென்று படிக்கும் இந்த நிரல்.
இன்றிரவே லொம்விகாவைப் புதுப்பிக்கும்,
பழையதாக.
காலையில் பால் வண்டியும் பள்ளிப் பேருந்தும்
அந்தரத்தில் நிற்கும் பலகையைப் பார்த்தபடி.

ரன்வா என் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள்.
ஆரஞ்சு உரிக்கும் வாசனை.
"விதி சரிதானே?"
"சரி."
"நிரல்?"
"அதுவும் சரி."
"அப்புறம்?"
"படகும் சரி."
உரிப்பது நின்றது.

சாமலுக்கென்று தனி விலக்கு எழுதலாம்.
எழுதினால் வருஷத்துக்கு ஒரு சாமல் வருவான்.
லொம்விகாவின் எண்ணை 2.4.1 ஆக்கும்படி
துறைமுகத்துக்கு எழுதினாள்.
மூன்றெழுத்துப் பெயர் போய்
ஒரு புள்ளி, ஓர் ஒன்று.

மறுபடி அனுப்பியபோது
சோதனைக் கோப்பில் ஒரு வரி கூடியிருந்தது.
2.4-சாமல், 2.4ஐ விடச் சிறியது.
எதிர்பார்க்கும் விடை: உண்மை.
கணினி ஓட்டிப் பார்த்துப் பச்சை காட்டியது.
அப்படி இல்லை என்று தெரிந்த
மூன்று பேரில் ஒருத்தியாக
ஒப்புதல் கொடுத்தேன்.